மகேஸ்வரி சொன்ன மாதிரியே

எனக்கு வயது முப்பத்திரண்டு. நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. என் அப்பா படப்பைச் சந்தையில் மூட்டை தூக்கினார். அம்மா சித்தாள் வேலைக்குப் போனார். அவர்களுக்கு முதுகு வலி உண்டு, ஓய்வு கிடையாது. ஓய்வு பெறவேண்டுமானால் முதலில் ஒரு உத்தியோகம் வேண்டும். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான், உத்தியோகம் பார்த்த முதல் ஆள் நான், ஆகவே ஓய்வு பெற்ற முதல் ஆளும் நானே. இந்தப் பெருமையை எவரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது.

இதை எழுதக் காரணம் மழை. போன வாரம் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். இரும்புலியூரில் நான் வேலை பார்த்த மெட்ரிக் பள்ளியிலும் விட்டார்கள். ஆனால் பள்ளிக்குத்தான் விடுமுறை, பாடத்துக்கு இல்லை என்று கூடவே ஒரு தகவலும் வந்ததாம். அன்று மத்தியானம் திவ்யா போன் செய்தாள். நான் எடுத்த வகுப்புகளை இப்போது எடுப்பவள் அவள்.

"அக்கா, கேமராவ ஆஃப் பண்ணிட்டு பசங்க தூங்குறாங்கக்கா. கொரோனா டைம்ல நீங்கல்லாம் எப்படிக்கா சமாளிச்சீங்க?"

"நாங்களும் தூங்கினோம்" என்றேன்.

சிரித்துவிட்டுக் கேட்டாள்: "அப்போ ஸ்கூல தொறக்க வச்சதே நீங்கதான்னு ஸ்டாஃப் ரூம்ல சொல்றாங்களே, நெஜமாக்கா?"

நிஜம் என்றால் பாதி பொய்யாகிவிடும். பொய் என்றால் பாதி நிஜம் வீணாகிவிடும். அதனால் எழுதுகிறேன்.

படித்த காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அரசுப் பள்ளி, பிறகு பஸ் பாஸில் கல்லூரி, கணிதத்தில் பட்டம், அதன்மேல் பி.எட். என் அக்கா பாதிப் படிப்பில் துணிக் கம்பெனிக்குப் போனாள். அவள் தைத்த சட்டைகள் அமெரிக்கா வரை போயின. அவள் தாம்பரத்தைத் தாண்டிப் போனதில்லை. நான் கல்லூரிக்குப் போட்டுப் போன சுடிதார் எல்லாம் அவள் வீட்டுக்கு வந்தபின் தைத்துக் கொடுத்தவை. பி.எட். வகுப்பில், முதுகைக் காட்டாமல் கரும்பலகையில் எழுதுவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார்கள். முகமே இல்லாத வகுப்புக்குப் பாடம் நடத்துவது எப்படி என்று சொல்லிக் கொடுக்கவில்லை. அதை நாங்களே கற்றுக்கொண்டோம்.

அந்த வருடம் மாணவர்கள் வீட்டிலிருந்து படிக்கவேண்டும் என்பது அரசாங்க விதி. ஆசிரியர்கள் பள்ளிக்கு வந்து பாடம் நடத்தவேண்டும் என்பது எங்கள் பள்ளியின் விதி. கொரோனா ஆசிரியர்களை அண்டாது என்று நிர்வாகம் நம்பியதோ என்னவோ. படப்பையிலிருந்து தம்பியின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, முடிச்சூர் சாலையில் போலீஸ் நிறுத்துமிடத்தில் எல்லாம் அடையாள அட்டையைக் காட்டி வருவேன். "டீச்சரா? ஸ்கூல்தான் மூடியிருக்கே?" என்று ஒரு காவலர் தினமும் கேட்பார். "மூடின ஸ்கூலுக்குத்தான் சார் போறேன்" என்று நானும் தினமும் சொல்வேன்.

பத்தாம் வகுப்பு அறையில் என் ஏற்பாடு இது: மேசைமேல் நாற்காலி, நாற்காலிமேல் சாக்பீஸ் பெட்டி, பெட்டிமேல் ஒரு செங்கல், செங்கல்லில் சாய்த்த என் போன். மின்விசிறியைப் போட்டால் பேச்சு கேட்காது, நிறுத்தினால் வியர்வையில் முகக்கவசம் மூக்கோடு ஒட்டிக்கொள்ளும். பாடத்துக்குத் தகுந்தபடி போட்டு நிறுத்துவேன். வருகைப் பதிவு எடுப்பேன். பெயரைக் கூப்பிட்டால் "யெஸ் மிஸ்" என்று குரல் வரும், அத்தோடு அந்த உயிர் அடங்கிவிடும். யாராவது மைக்கை அணைக்க மறந்தால் மட்டும் உலகம் உள்ளே வரும். இருபடிச் சமன்பாட்டின் நடுவில் ஒரு குக்கர் விசில், "கறிவேப்பில கொஞ்சம் போடுப்பா" என்று தெருவில் ஒரு பேரம். அந்த விசிலுக்காகவே சில நாள் காத்திருந்தேன். எதிரே ஆள் இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

இனி பத்மா மேடம். எங்கள் பிரின்சிபல். அவருக்குக் கீழே நான் வேலை பார்த்த காலத்தில் அவர் ஒரு உத்தரவுகூடப் போட்டதில்லை. மிகையாகச் சொல்லவில்லை. அவருக்கு ஒன்று நடக்கவேண்டும் என்றால், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தபடி நம்மைப் பார்த்துக் கேட்பார்: "நீங்க என்ன நினைக்கிறீங்க?" நாம் எதையாவது சொல்வோம். அது அவருக்கு வேண்டியதாக இல்லாவிட்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். அடுத்தவரைக் கேட்பார். யாரோ ஒருவர் அவர் நினைத்ததைச் சொல்லும்வரை கண்ணாடி சுத்தமாகாது. சொன்னதும் மாட்டிக்கொள்வார். "சரி, மகேஸ்வரி சொன்ன மாதிரியே செஞ்சிடலாம்." கடைசியில் யார் சொன்னாரோ அது பள்ளியின் முடிவு. கெட்டுப்போனால் அது அவர் சொன்னது. மூடிய பள்ளிக்கு ஆசிரியர்கள் வரவேண்டும் என்ற விதியும் அப்படி வந்ததுதான். அதைச் சொன்னவர் ஓவிய ஆசிரியர். பாவம், வீட்டில் மாமியாரோடு முழுநாளும் இருக்க முடியவில்லை என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார்.

பத்தாம் வகுப்பில் மோனிஷா என்று ஒரு பெண். அவள் அம்மா தேசம்மா, கடலோரக் குப்பத்தில் பிறந்தவர், முடிச்சூர் சாலை ஓரத்தில் மீன் விற்கிறவர். அப்பா வேறொருவர் படகில் கடலுக்குப் போகிறவர். வீட்டில் இருந்தது ஒரே ஒரு டச் போன், அது அப்பாவோடு போய்விடும். ஆகவே மோனிஷா எப்போது வகுப்புக்கு வருவாள் என்பதைக் கடல்தான் முடிவு செய்தது. புயல் எச்சரிக்கை வந்தால் அப்பா வீட்டுக்கு வருவார், போன் வரும், மோனிஷா வருவாள். வானம் தெளிந்தால் காணாமல் போவாள். நாளாக ஆக, "யெஸ் மிஸ்" என்று அவள் குரல் கேட்டால் நான் துணியை மாடியிலிருந்து எடுக்கச் சொல்லி வீட்டுக்கு போன் செய்யும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

ஒரு புயல் நாளில் ஊர் முழுக்க மின்சாரம் போயிற்று. ஒவ்வொரு பெயராக அணைந்துகொண்டே வந்து, திரையில் மோனிஷா மட்டும் மிச்சம்.

"மிஸ், நான் மட்டும்தானா?"

"நீ மட்டும்தான். எதாவது சந்தேகம் இருந்தா கேளு."

"சந்தேகம் கேக்குற அளவுக்கு எதுவும் தெரியாது மிஸ்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "பொங்கல் முடிஞ்சு கம்பெனில ஆள் எடுக்குறாங்களாம். அம்மா சேத்துவிடப் போவுது. ஸ்கூல் தொறந்தா மட்டும் அனுப்புதாம். தொறப்பாங்களா மிஸ்?"

எந்தக் கம்பெனி என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் அக்கா உட்கார்ந்த அதே தையல் மெஷின் வரிசைதான் பதிலாக வந்திருக்கும்.

அந்தச் சமயத்தில் நாடு முழுக்க அதே பேச்சு. பள்ளிகள் நேரடி வகுப்பு வைத்தே தீரவேண்டுமா, வேண்டாமா என்று டிவியில் இரவெல்லாம் சண்டை. பத்தாம் வகுப்புக்குத் திறக்கலாம், வர இஷ்டமில்லாத பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தக் கூடாது, பெற்றோர் கருத்தைக் கேட்டு முடிவு செய்யுங்கள் என்று எங்களுக்குத் தகவல் வந்தது. பத்மா மேடம் கண்ணாடியைக் கழற்றினார். கருத்துக் கேட்கும் கூட்டத்தை எப்படி வைக்கலாம் என்று எல்லோரும் நினைத்தோம். நினைத்து நினைத்து, யாரோ ஒருவர் சரியாக நினைத்துவிட்டார்: ஆன்லைனில்.

பிள்ளைகளை போன் மூலம் படிக்கவைக்க முடிகிறவர்களா, முடியாதவர்களா என்று தெரிந்துகொள்ள, போன் மூலம் கூட்டம் வைத்தோம். நானும் அதில் இருந்தேன். அந்த நேரத்தில் அதில் ஒரு பிசகு இருப்பதாக எங்களில் ஒருவர் மூளைக்கும் எட்டவில்லை. எல்லோரும் பட்டதாரிகள்.

கூட்டத்தில் அதிகம் பேசியவர் வருண் அப்பா. கணினி நிறுவனத்தில் மேலாளர். தெளிவான ஆங்கிலத்திலும் அதைவிடத் தெளிவான தமிழிலும் பேசினார். "குழந்தைங்க உயிர் விஷயத்துல ரிஸ்க் எடுக்க முடியாது மேடம். வெளிய தலைகாட்டவே பயமா இருக்கு." அவர் பின்னால் ஒரு ஒலிபெருக்கி, பட்டுப் புடவைகள் இரண்டாவது மாடியில் என்று அறிவித்தது. குரோம்பேட்டை ஜவுளிக் கடை ஒன்றிலிருந்து பேசிக்கொண்டிருந்தார். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் மைக்கை அணைத்துவிட்டுச் சிரித்திருப்பார்கள்.

அடுத்துப் பேசியவர் கீர்த்தனா அம்மா. அவர் கேமராவைப் போட்டிருந்தார். பின்னால் சுவரில் புதிதாக மாட்டிய படமும் மாலையும் தெரிந்தன. "நாங்க ஒருத்தர குடுத்துட்டோம் மிஸ். இனிமே குடுக்குறதுக்கு எங்கிட்ட இவ ஒருத்திதான் இருக்கா" என்றார். அவ்வளவுதான். என்னிடம் எல்லா வாதத்துக்கும் பதில் இருந்தது. இதற்கு இல்லை. இன்றும் இல்லை.

திறக்கவேண்டும் என்பவர்கள் கை பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். ஒருவரும் அழுத்தவில்லை. "ஒருமனதா முடிவாகியிருக்கு" என்றார் பத்மா மேடம்.

கூட்டம் முடிந்ததும் அவர் அறைக்குப் போனேன். "மேடம், மோனிஷா வீட்டுல கூட்டத்துக்கே வரல. டிரைவருங்க வீடு, வீட்டு வேலைக்குப் போறவங்க வீடு, யாருமே வரல."

"வரலன்னா ஆட்சேபம் இல்லன்னுதானே அர்த்தம்? அப்படித்தானே நீங்க நினைக்கிறீங்க, மகேஸ்வரி?"

நான் பேசாமல் நின்றேன். பேசாமல் நின்றால் ஆட்சேபம் இல்லை என்று அர்த்தம் ஆகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேசம்மாவைத் தேடிப் போனேன். முடிச்சூர் சாலையில் மீன் வாங்க நின்ற கூட்டத்தைப் பார்த்தால் தொற்றுநோய் வேறு மாவட்டத்தில் நடப்பது போலிருந்தது. ஆளுக்கொரு முகக்கவசம், எல்லாம் தாடையில். தேசம்மா அருவாமனைமேல் உட்கார்ந்து சங்கராவை நறுக்கிக்கொண்டிருந்தார். நான் கூட்டம் நடந்ததைச் சொன்னேன். கை நின்றது.

"மீட்டிங்கா? எப்ப மிஸ்ஸு? எங்கள இட்டுகினு போவலியே?"

"போன்ல நடந்துச்சும்மா."

"போன் கடலாண்ட கீது. அப்ப மீட்டிங்க அங்கதான் வச்சிருக்கணும்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "இன்னான்னு முடிவாச்சு?"

"திறக்க வேணாம்னு. ஒருமனதா."

"யார் மனசு அந்த ஒரு மனசு?"

அந்த நேரம் பார்த்துத்தானா வருண் அப்பா வரவேண்டும்? கையில் கட்டைப் பை. என்னைப் பார்த்ததும் தாடையில் இருந்த முகக்கவசத்தை மூக்குக்கு ஏற்றினார். "மிஸ், நீங்களும் இங்கதானா? ஒரு கிலோ வஞ்சிரம் ஸ்லைஸ் போடும்மா."

"போடலாம் சார். உம் புள்ளையும் எம் பொண்ணும் ஒரே கிளாஸ்தான். ஸ்கூல் வேணாம்னு சொல்லிகினியாமே?"

"அது சேஃப்டிக்கும்மா."

"மீனு வாங்க வந்தா ஒட்டாத நோவு, படிக்க வந்தா ஒட்டிக்குமா சார்?"

சுற்றிலும் ஒரே சிரிப்பு. அவர் காது சிவந்தது. ஆனால் மனிதர் விட்டுக் கொடுக்கவில்லை. "இங்க அஞ்சு நிமிஷம் நிக்கிறேன், தெறந்த வெளி. அங்க நாள் முழுக்க, மூடுன ரூம்ல, ஒரு பெஞ்சுல நாலு பேரு. ரெண்டும் ஒண்ணாம்மா?"

உண்மையைச் சொல்லவேண்டும், அது நியாயமான கேள்விதான். தேசம்மாவுக்கும் அது தெரிந்தது. மீனைத் திருப்பிப் போட்டு, செதிலைத் தட்டிவிட்டு, யோசித்துச் சொன்னார். "செரி. அப்ப கம்மி நேரம் வைக்கட்டும். ஜன்னல தொறந்து வைக்கட்டும். பெஞ்சுக்கு ஒண்ணா குந்தட்டும். உம் புள்ள வூட்லயே இருக்கட்டும், நான் கேக்கல. எம் பொண்ணுக்குக் கதவ தொற, அத்தான் கேக்குறேன். உம் புள்ள வராததுக்கு எம் பொண்ணு ஏன் சார் கம்பெனிக்குப் போவணும்?"

வருண் அப்பா பணத்தை எடுத்து நீட்டினார். வஞ்சிரத்தை வாங்கிக்கொண்டு, போகும்போது என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: "ஆப்ஷனலா இருந்தா எனக்கு அப்ஜெக்‌ஷன் இல்ல மிஸ்." அப்படி ஒரு பொத்தான் கூட்டத்தில் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

திங்கட்கிழமை காலை பள்ளி வாசலில் பெற்றோர் கூட்டம். தேசம்மா, ஒரகடம் கம்பெனி வண்டி ஓட்டுகிறவர்களின் மனைவிகள், அடுக்குமாடிகளில் பாத்திரம் தேய்க்கிறவர்கள். அவரிடம் மீன் வாங்கியவர்களிடம் எல்லாம் தேசம்மா சொல்லிவிட்டிருந்தார். மீனைச் சுத்தம் செய்து தரவேண்டும் என்றால் திங்கட்கிழமை வரவேண்டும் என்பது நிபந்தனையாம். இடைவெளி விட்டு நின்றார்கள். எங்கள் பள்ளி நடத்திய கூட்டங்களிலேயே விதிப்படி நடந்தது அது ஒன்றுதான், அதையும் பள்ளி நடத்தவில்லை.

காவலாளி பூட்டைத் திறக்கவில்லை. பத்மா மேடம் கேட்டுக்கு உள்ளே வந்து நின்றார். நாங்கள் ஆசிரியர்கள் அவருக்குப் பின்னால். பழக்க தோஷத்தில் கண்ணாடியைக் கழற்றிக் கேட்டார்: "சொல்லுங்க. நீங்க என்ன நினைக்கிறீங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது என்பது தேசம்மாவுக்குத் தெரியாது. சொல்லத் தொடங்கினார். மீன் விற்ற குரல், ஜி.எஸ்.டி. ரோடு வரை கேட்டிருக்கும். "நான் இன்னா நினைக்கிறேன்னா மேடம், ரேஷன் கட தொறந்து கீது, கம்பெனி தொறந்து கீது, ஒயின் ஷாப்பு எப்பவோ தொறந்தாச்சு. புள்ளைங்க குந்துற எடம் மட்டும்தான் பூட்டி கீது. இது ஒனக்கே நல்லா கீதா?"

மேடம் கண்ணாடியைத் துடைத்தார். அடுத்தவரைக் கேட்டார். அவரும் திறக்கவேண்டும் என்றார். துடைத்தார். அடுத்தவர். வரிசையில் ஆள் தீர்ந்துகொண்டே வந்தது, கண்ணாடி சுத்தமாகவில்லை. கடைசியில் எங்கள் பக்கம் திரும்பினார். அவர் கண் என்மேல் நின்றதற்குக் காரணம் உண்டு. நான் சின்னவள், வேலை நிரந்தரம் இல்லாதவள், அவர் அறையில் பேசாமல் நின்றவள்.

"மகேஸ்வரி, ஸ்கூல் சார்புல நீங்க என்ன நினைக்கிறீங்க?"

கேட்டுக் கம்பிகளுக்கு வெளியே எல்லா முகமும் என்னைப் பார்த்தது. மோனிஷாவும் வந்திருந்தாள், அம்மாவின் மீன் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு. ஒரு பிள்ளைக்கு நோய் வந்தால் அது மகேஸ்வரி சொன்னது என்று ஆகிவிடும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கீர்த்தனா வீட்டுச் சுவரும் நினைவுக்கு வந்தது. ஆனால் கடைசியாகச் சொல்கிறவர் வாயிலிருந்து வருவதுதான் முடிவு என்ற வழக்கத்தை உண்டாக்கியவர் நான் இல்லை.

"விருப்பப்பட்டவங்களுக்கு நேர்ல, மத்தவங்களுக்கு போன்ல, ரெண்டும் நடத்தணும்னு நினைக்கிறேன் மேடம். நாளையிலேர்ந்து."

"மிஸ்ஸு சொல்ட்டாங்க!" என்றார் தேசம்மா. வெளியே கைதட்டினார்கள்.

பத்மா மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வேறு வழி இல்லை. "சரி. மகேஸ்வரி சொன்ன மாதிரியே செஞ்சிடலாம்." உள்ளே நடந்து வரும்போது என் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "எனக்குச் சுகர் இருக்கு. வீட்டுக்காரருக்கு ஹார்ட் ஆபரேஷன் ஆகியிருக்கு. எனக்குப் பயமா இருக்கு மகேஸ்வரி." என் காதுபட அவர் பேசிய ஒரே நேர் வாக்கியம் அது. கேள்விக்குறி இல்லை. அவரைக் கோழை என்று நினைத்திருந்தேன், அன்றோடு நிறுத்திக்கொண்டேன். ஆனால் அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் தேறிவிட்டார். "வாசல்ல டெம்பரேச்சர் பாக்க யார் நிக்கலாம்னு நினைக்கிறீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். நான்தான் நின்றேன்.

அந்தக் காய்ச்சல் துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. அது யாருடைய நெற்றியில் வைத்தாலும் ஒரே எண்ணைக் காட்டியது. பிள்ளைக்கும் அதுதான், காவலாளிக்கும் அதுதான், ஒரு நாள் சந்தேகத்தில் கேட்டுக் கம்பியில் வைத்தேன், கம்பிக்கும் அதுதான். கம்பிக்குக் காய்ச்சல் இல்லை என்று தெரிந்துகொண்டு உள்ளே போனேன்.

முதல் நாள் வந்தவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கினார்கள். பெஞ்சுக்கு ஒருவராக, ஜன்னலை எல்லாம் திறந்து வைத்து உட்கார்ந்தார்கள். நான் கரும்பலகைக்கும் செங்கல்லில் சாய்ந்த போனுக்கும் நடுவில் நின்று இரண்டு வகுப்பையும் சேர்த்து நடத்தினேன். "மிஸ், போர்டு பாதிதான் தெரியுது" என்று போனுக்குள்ளிருந்து கீர்த்தனா சொல்வாள். மோனிஷா எழுந்து போய் செங்கல்லை நகர்த்திவிட்டு வந்து உட்காருவாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் அந்த வருடம் முழுக்கப் பார்த்தது அப்படித்தான். அதிர்ஷ்டம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதிர்ஷ்டம் என்றுதான் சொல்கிறேன், என் கெட்டிக்காரத்தனம் என்று சொல்லமாட்டேன்.

இத்தனை பாடுபட்டுத் திறந்து, பாடம் சூடு பிடித்த நேரத்தில் அறிவிப்பு வந்தது: பத்தாம் வகுப்புக்கு அந்த வருடம் தேர்வு இல்லை, எல்லோரும் பாஸ். தினமும் வந்த மோனிஷாவும் பாஸ், கேமராவை அணைத்துவிட்டு வருடம் முழுக்கத் தூங்கியவனும் பாஸ்.

மறுநாள் தேசம்மா கேட்டில் வந்து நின்றார். முகம் நிறையச் சிரிப்பு. "பாசாய்ட்டாளாமே மிஸ்ஸு! அப்ப ஸ்கூல் முடிஞ்சுபோச்சு. கம்பெனில இன்னும் ஆள் எடுத்துகினுதான் கீறாங்க. நாளைக்கே சேத்துடுறேன்."

பள்ளி பூட்டியிருந்தபோது எதிலிருந்து அவளைக் காப்பாற்றப் போராடினோமோ, அதே இடத்துக்குப் பாஸ் என்ற ஒரு சொல் அவளை அனுப்பிக்கொண்டிருந்தது. மோனிஷாதான் பேசினாள்.

"நான் எழுதவே இல்லையேம்மா. எழுதாம எப்படி பாஸு?" என் பக்கம் திரும்பினாள். "மிஸ், நீங்க எனக்கு ஒரு பேப்பர் வைங்க. நெஜப் பரீட்சை மாதிரி."

வைத்தேன். காலியான வகுப்பில் அவள் ஒருத்தி, நான் ஒருத்தி. மேற்பார்வையாளர் எப்படி நடப்பாரோ அப்படிப் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தேன். வருடத்தில் முக்கால்வாசி நாள் போன் கடலில் இருந்த பெண், என்ன எழுதிவிட முடியும்? ஃபெயில். கொஞ்சமாக இல்லை, தாராளமாக ஃபெயில். கருணை மதிப்பெண் போட என் கை போகவில்லை. எனக்கு யாரும் போட்டதில்லை.

தாளை தேசம்மாவிடம் காட்டினோம். அவருக்குப் படிக்கத் தெரியாது, சிவப்பு மைக்கு அர்த்தம் தெரியும். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "கவர்மெண்டு பாசுன்றான், நீ ஃபெயிலுன்றே. எது மிஸ்ஸு மெய்?"

"இதான்மா மெய்" என்றாள் மோனிஷா. "அது எல்லாருக்கும் குடுத்தது. இது எனக்கு மட்டும் குடுத்தது."

தேசம்மா தாளை மடித்து மோனிஷா கையில் வைத்தார். "எட போடாத மீனுக்கு எவன் துட்டு குடுப்பான்? ஃபெயிலுன்னா வேல இன்னும் பாக்கி கீதுன்னுதானே அர்த்தம்? செரி, முடிச்சுட்டு வா. கம்பெனி எங்கியும் ஓடிடாது."

அரசாங்கம் பாஸ் போட்டதால் போகவிருந்த படிப்பு, நான் ஃபெயில் போட்டதால் நின்றது. பி.எட்.டில் இதையும் சொல்லித்தரவில்லை.

பிறகு இரண்டாம் அலை வந்தது, எல்லாம் மறுபடி பூட்டிக்கொண்டது. மேல் வகுப்புகளுக்குக் கணிதத்தில் நாங்கள் இரண்டு பேர். இன்னொருவர் என்னைவிட மூத்தவர், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், இரண்டு பிள்ளைகள், கணவருக்கு வேலை போயிருந்தது. பத்மா மேடம் இருவரையும் திரையில் அழைத்து, கண்ணாடியைக் கழற்றினார். "ஆன்லைனுக்கு ஒரு மேத்ஸ் டீச்சர் போதும்னு மேனேஜ்மென்ட் சொல்லுது. யார் இருக்கலாம்னு நினைக்கிறீங்க, மகேஸ்வரி?"

"அக்கா இருக்கட்டும் மேடம்" என்றேன்.

அவர் கண்ணாடியை உடனே மாட்டவில்லை. அதை மட்டும் சொல்லியாகவேண்டும். வெகு நேரம் துடைத்தார். பிறகு, "மகேஸ்வரி சொன்ன மாதிரியே செஞ்சிடலாம்" என்றார். இப்படித்தான் என் சொந்த யோசனையின்பேரில் நான் ஓய்வு பெற்றேன்.

ஊரடங்கு தளர்ந்து பஸ் ஓடத் தொடங்கிய வாரம், படப்பையில் எங்கள் வீட்டு வாசலில் மோனிஷா நின்றாள். கையில் கணக்குப் புத்தகம்.

"ஸ்கூல மூடிட்டாங்க மிஸ். நீங்களுமா மூடிட்டீங்க?"

பிறகு அவள் தினமும் வந்தாள். அக்கா கம்பெனியிலிருந்து வந்து கால் நீட்டி உட்கார்ந்து அவள் கணக்குப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் அதே வகைத் தாளை மறுபடி வைத்தேன். இந்த முறை பாஸ். கருணை இல்லாத பாஸ். நானே அவளோடு பஸ் ஏறிப் போய் முடிச்சூர் சாலையில் இறங்கி, தேசம்மாவிடம் சொன்னேன். மீனை நறுக்கியபடியே கேட்டுக்கொண்டார். சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை. பாஸ் என்றால் முன்பு ஒருமுறை என்ன ஆகவிருந்தது என்பது அவருக்கும் நினைவிருந்தது.

"பாசா? ம். அடுத்த கிளாசுல எப்ப மிஸ்ஸு ஃபெயிலு?"

மோனிஷா பதினொன்று போனாள், பன்னிரண்டு முடித்தாள், ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போகத் தொடங்கினாள். கணிதம்தான். முதல் செமஸ்டரில் ஒரு தாளில் ஃபெயில் ஆனாள். அழுதுகொண்டே போன் செய்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை, நல்ல செய்தி வந்தால் செய்கிற மாதிரி, தேசம்மா ஒரு முழு வஞ்சிரத்தைச் சுத்தம் செய்து, துண்டு போட்டு, எங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்.